உள்பக்கம் நனையாது

அடக்கத்துக்கு முன்னால் கமாலுதீன் இக்காவைக் குளிப்பாட்டியபோது அவருடைய வலது கைப் பெருவிரல் நகத்தில் ஒட்டியிருந்த ரோஸ் சாயம் மட்டும் முழுக்கப் போகவில்லையாம். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். நகக்கண்ணில் ஒரு கோடு நின்றுவிட்டது. அவருடைய தங்கை ஷபானாதான் என்னிடம் சொன்னாள். அவள் புருஷன் குளிப்பாட்டினவர்களில் ஒருவர். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் தலைக்கு மேலே மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் தெருவைப் பார்த்து இரண்டு சன்னல், சன்னலுக்கு இரண்டாக நாலு கதவு. ஒரு கதவு ரோஸ் பூசி இருந்தது. மற்ற மூன்றும் வெறும் மரம்.

என் பேர் அழகம்மாள். மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் வீடு வீடாகப் போய்க் கார்ப்பரேஷனுக்காக பிளாஸ்டிக் எடுக்கிறேன். எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே தெருக்கூட்ட வந்தது, அப்படியே தங்கிவிட்டது. எனக்கு வாய் பெரிசு. தெருமுனையில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடைசி வீட்டில் கவரை அலசிக்கொண்டு தயாராக நிற்பார்கள். அலசாமல் தந்தால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தெருவில் எனக்குச் சாயா தந்து உட்காரச் சொல்கிற வீடு ஒன்றுதான். அது கமாலுதீன் இக்கா வீடு.

கீழே சுக்கு மூட்டை அடுக்குகிற கோடவுன். மாடியில் அவரும் மரியமக்காவும். படியேறும்போதே சுக்கு வாசம் மூக்கில் ஏறித் தும்மல் வரும். இக்கா கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். வருசா வருசம், வைகாசி பாதியில் தொடங்கும் எடவப்பாதி மழைக்கு முன்னால் அந்த நாலு கதவுக்கும் அவரே பச்சை பெயிண்ட் அடிப்பார். ஆளைக் கூப்பிட மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் நியாயம் பேசிக்கொண்டே அடிப்பார். போன வருசம் முட்டுவலி வந்து நிற்க முடியவில்லை. ஒரு வருசம்தான் தப்பியது. உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து நாலு கதவின் அடிப்பக்கத்தையும் தின்றுவிட்டன. தண்ணீர் உள்ளே வந்து மெத்தை நனைந்து, இக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அது பிறகு முழுசாகப் போகவே இல்லை.

இந்த வருசம் மேட மாசத்தில், நம்ம சித்திரையில், ரமேஷ்பாபு ஆசாரி வந்து மக்கின பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஆஞ்ஞிலி மரத்தில் புதுத்துண்டு சேர்த்து, பழைய பெயிண்டையும் சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாளே இக்கா பச்சைக்கு முன்னால் பூசுகிற ரோஸ் பிரைமரை அடிக்க உட்கார்ந்தார். ஒரு கதவுக்கு உள்ளும் புறமும் அடித்து, கீலில் மாட்டிவிட்டு, மரியமே ஒரு சாயா தா என்று உள்ளே வந்து உட்கார்ந்தவர்தான். சாயா ஆறிப்போனது. மகன் ஃபயாஸ் தோஹாவில் இருந்தான். அவனுக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வாப்பா முகத்தை அவன் பார்க்கவில்லை.

அதன்பிறகு மரியமக்கா இத்தா இருந்தாள். புருஷன் மவுத்தானால் நாலு மாசம் பத்து நாள் பெண் வீட்டோடு இருப்பது அவர்கள் வழக்கம். வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. ஃபயாஸ் லீவு தீர்ந்து போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அவன் பெண்டாட்டி லமியா தேவராவில் ஃப்ளாட்டில் இருக்கிறாள்.

“உம்மா, இத்தா கழிஞ்சதும் தேவராவுக்குப் போயிருங்க. லமியா அங்க தனியா, நீங்க இங்க தனியா. ரெண்டு தனியும் ஒண்ணா இருந்தா என்ன?”

“எனக்கு இங்கதான் இருக்கணும்” என்றாள் மரியமக்கா.

“இந்த மழைக்கும் சன்னல் வழியா வெள்ளம் உள்ள வரும். வாப்பாவுக்கு வந்த மாதிரி உங்களுக்கும் நெஞ்சுல கட்டும். ஒரு சொட்டு உள்ள வராம இருந்தா சொல்லுங்க, பின்னே நான் வாயே தொறக்க மாட்டேன். வந்துச்சுன்னா எதுத்துப் பேசப்பிடாது.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவன் கார் ஏறிப் போனபிறகு மரியமக்கா அந்த ரோஸ் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தேன். அவளுக்கு அந்த மாடியை விட்டால் போக்கிடம் இல்லை என்று அல்ல. இருக்கிறது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முப்பிடாதி பெயிண்டரை நான்தான் கூட்டிவந்தேன். என் தூரத்துச் சொந்தம், தென்காசிக்காரன். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“எப்ப வச்ச மரம் இது?”

“மேடத்துல.”

“வெறும் மரத்த இத்தன நாளா வச்சிருக்கீக? வேனல் மழ ரெண்டு குடிச்சிருச்சு பாரு, ஓரமெல்லாம் கருத்துக் கெடக்கு. இப்ப தேச்சு அடிச்சா பொழைக்கும். எடவப்பாதி குடிச்சிருச்சுன்னா அப்பறம் நீ தங்கத்தையே உருக்கி ஊத்துனாலும் நிக்காது, தோலு மாதிரி உரிஞ்சு வரும்.”

“வாயால அடிக்காம ஏறி அடிவே.”

அவன் ஏணியில் ஒரு காலை வைத்தான். அப்போது ஷபானா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

“அண்ணே, எறங்குங்க. மைனி இத்தா இருக்காங்கன்னு அறியாதா? ஆம்பள ஏணி வச்சு அவங்க ஜன்னல்ல ஏறுனா தெருவுல என்ன பறைவாங்க?”

“ஜன்னலச் சாத்திக்கட்டும். நான் பொறத்த நின்னுதான அடிக்கேன்?” என்றான் அவன்.

“சாத்துனா சந்து இருக்கும்ல? என் காக்கா மண்ணுக்குள்ள போயி ஒரு மாசம் தெகையல. அவரு பொண்டாட்டிய ஒருத்தரும் ஒண்ணும் பறையப்பிடாது. இத்தா கழியட்டும்.”

“கழியறப்ப கதவும் கழிஞ்சிரும்டி” என்றேன் நான்.

“போனா போட்டே. மரம் தானே?”

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவள் கண் கலங்கி இருந்தது. மார்க்கத்தில் இவ்வளவு இறுக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஷபானா அண்ணன் மேலே உள்ள பிரியத்தில்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பிடாதி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு முனகியபடி நடந்தான். மாடியில் சன்னல் கொஞ்சம் திறந்திருந்ததும் பிறகு மூடியதும் எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் மேலே போனேன். மரியமக்கா வெள்ளைத் துணியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் பிரைமர் டின், பிராட்வே கடைத்தெருவில் இக்கா வாங்கிவந்த பச்சை பெயிண்ட் டின், விறைத்துப்போன பிரஷ்.

“கேட்டேன்” என்றாள். “ஷபானா சொல்றதும் ஞாயம், பெயிண்டர் சொல்றதும் ஞாயம். நான் என்ன செய்ய அழகம்மா?”

நான் சன்னலைத் தள்ளிக் கீலைப் பார்த்தேன். அந்தக் காலத்து இரும்புக் கீல். கதவு ஒரு முளையில் மாட்டி நிற்கிறது. மேலே தூக்கினால் கழன்று வந்துவிடும்.

“ஆம்பள மேல வரப்பிடாது, அவ்வளவுதான? கதவு உள்ள வரலாம்ல?”

மரியமக்கா என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருள் கயிற்றை எடுத்துவந்தாள்.

கயிற்றுக்கடைக்காரன் பெண்டாட்டி முடிச்சுப் போடுகிறதைப் பார்க்க வேண்டும். கதவு கைதவறித் தெருவில் விழுந்துவிடாமல் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, இழுத்துப் பார்த்து, திருப்தி வராமல் அவிழ்த்து மறுபடியும் போட்டாள். நான் தூக்க, அவள் இழுக்க, முதல் கதவு அறைக்குள் வந்து விழுந்தது. சன்னல் ஹோவென்று திறந்து கிடந்தது. கடைத் தார்ப்பாய் ஒன்றை அதில் கட்டினோம். அறைக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. சூடு என்றால் அப்படி ஒரு சூடு. வேர்த்து வேர்த்து எங்கள் இரண்டு பேருக்கும் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

முப்பிடாதியை மறுபடியும் கூட்டிவந்து தெருவில் நிறுத்தினேன். அவன் கீழே இருந்து சொல்ல வேண்டியது, நாங்கள் மேலே செய்ய வேண்டியது. தெருவே வேடிக்கை பார்த்தது.

“உப்புத்தாள மரத்தோட ஓட்டத்துல தேயி! குறுக்க தேய்க்காத!”

“தேச்சாச்சு!”

“தூசியத் துணியால தொடச்சியா?”

“நீயா வந்து தொடச்சே?”

“அடிப்பக்கத்து வெட்டுமுனைக்கு ரெண்டு தடவ பிரைமர் குடு! மரம் வாயால குடிக்கிற எடம் அதுதான்! எல்லாவனும் அத மறந்துருவான்!”

மரியமக்கா கதவைத் திருப்பி நிறுத்தி வெட்டுமுனையில் பிரஷை வைத்து அழுத்தினாள். அவள் சிரிக்கிற மாதிரி இருந்தது. இக்கா போனபிறகு அன்றைக்குத்தான். நானும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

காய விட்டு, பச்சை அடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி பச்சை அடித்தோம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் ஏறி இறங்கினேன். மூன்று கதவும் மறுபடி கீலில் ஏறிப் பளபளவென்று நின்றன. நாலாவதைக் கழற்றலாம் என்று கயிற்றை எடுத்தேன்.

“அது வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்? பிரைமர் தான அடிச்சிருக்கு, மேல பச்சை வேணும்ல.”

“அது அவரு அடிச்சது.”

“அவரு அடிச்சதுன்னா?”

அவள் என் கையைப் பிடித்து அந்தக் கதவின் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். பிரஷ் போன தடம் எல்லாம் தெரிந்தது. ஒரு இடத்தில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டி அப்படியே காய்ந்திருந்தது. உள்பக்கத்திலும் அதே போலக் கோடுகள், ஓரத்தில் ஒரு விரல் பட்ட அடையாளம்.

“இதுக்கு மேல பச்சை அடிச்சா அவரு போயிருவாரு அழகம்மா. நான் அடிக்க மாட்டேன்.”

முப்பிடாதியிடம் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். “பிரைமருங்கது பனியன். பனியனோட மழையில நின்னா நனையாமயா இருக்கும்?” அதையும் மேலே போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கயிற்றைச் சுருட்டி வைத்தாள். நான் சண்டைக்காரி, ஆனால் அந்த ஒரு விசயத்தில் எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

எடவப்பாதி சொன்ன நேரத்துக்கு வந்தது. மட்டாஞ்சேரியில் மழை கடலிலிருந்து சாய்ந்து வரும், குடை எல்லாம் வெறும் அலங்காரம். தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் எடுக்கப் போனேன். அண்ணாந்து பார்த்தால் பச்சைக் கதவுகளில் மழை நிற்காமல் வழிந்து ஓடியது. மிதுன மாசம் பாதியில் ரோஸ் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. கதவு ஊதி, சட்டத்தில் சரியாகப் போய் உட்காரவில்லை.

நான் போகும்போதெல்லாம் அந்தச் சன்னல் பக்கம் பாய் சாய்த்து வைத்திருக்கும். மரியமக்கா சாயா தருவாள், கப்பைக்கிழங்கு தருவாள், லமியாவின் பிள்ளையைப் பற்றிப் பேசுவாள். சில நாள் நான் படியிறங்கும்போது, “இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போ” என்பாள். எனக்கு வேலை இருக்கும். நான் போய்விட்டால் மறுநாள் நான் வரும்வரை அவள் வாய் திறந்து பேச ஆள் கிடையாது. ஷபானா சோறு கொண்டுவருவாள், அழுதுவிட்டுப் போவாள். அது பேச்சு இல்லையே.

ஒருநாள் நான் நுழையும்போது ஃபயாஸ் வீடியோவில் இருந்தான். மரியமக்கா போனைத் திருப்பிப் பச்சைக் கதவுகளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“மாஷா அல்லாஹ், புதுசு மாதிரி இருக்கே. மத்தது?”

“எல்லாம் அதே மாதிரிதான். ரேஞ்சு இல்ல மோனே, வைக்கறேன்.”

போனை வைத்தாள். நான் நேரே போய்ப் பாயை நகர்த்தினேன். பாய்க்குப் பின்னால் ஈரத்துண்டுகள். இக்காவின் லுங்கி ஒன்று முறுக்கிக் கதவுச் சந்தில் திணித்திருந்தது. அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பாத்திரம். பாத்திரத்தில் சத்தம் வராமல் இருக்க அதிலும் ஒரு துணி.

“இது என்னது?”

அவள் பாயை மறுபடி இழுத்து மறைக்கப் பார்த்தாள்.

“மகனுக்குக் காட்டுன கதவு எது, மறைச்ச கதவு எது? இத்தா கழிஞ்சு அவன் வந்து நிப்பான். அப்ப இந்தப் பாயவச்சு அவன் கண்ண மறைப்பியா? ஒரு சொட்டுன்னு சொல்லிட்டுப் போனான். இங்க கொளமே கெடக்கு!”

“கத்தாத அழகம்மா.”

“கத்துவேன். எனக்கு அதுக்குத்தான் வாய் இருக்கு. இக்கா எதுக்கு அந்த பிரைமர அடிச்சாரு? நீ பாத்துட்டு அழறதுக்கா? மேல பச்சை அடிக்கறதுக்கு. பாதி வேலய வச்சிட்டு சாயா குடிக்க வந்தாரு. சாயாவும் குடிக்கல. மீதிய யாரு செய்வா? நீ செய்யாம நாசமா போக விட்டா, அவரு அடிச்சதும் போகும், மரமும் போகும், வீடும் போகும். அப்பத்தான் அவரு போவாரு!”

அவள் உடைந்து அழுதாள். அதுவரை நான் அவள் அழுது பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தெருவுக்குக் கேட்காமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதோம். கீழே கோடவுனில் யாரோ லோடு இறக்க வந்து மலையாளத்தில் சத்தம் போட்டார்கள்.

“எப்ப வெயில் வரும்?” என்றாள் கடைசியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஆடியில், கர்க்கடக மாசத்து மழைக்கு நடுவே கொஞ்சம் வெயில் காய்ந்தது. அன்றைக்கே கயிற்றைக் கட்டி அந்தக் கதவைத் தூக்கி உள்ளே எடுத்தோம். கனம் இரட்டியாகியிருந்தது. ஃபேனுக்கு அடியில் சாய்த்து வைத்து, சன்னலில் தார்ப்பாயைக் கட்டி, காய்கிறவரை காத்திருந்தோம். முப்பிடாதி தெருவிலிருந்து, “அடியில குத்திப் பாரு, மெத்துன்னு போகுதா?” என்றான். மரியமக்கா கத்திமுனையால் குத்திப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் போனது, உள்ளே மரம் கெட்டியாக இருந்தது. “தப்பிச்சீக. வெளிப்பக்கத்த மரம் தெரியறவர சொரண்டிட்டு மறுபடி மொதல்லேர்ந்து வாங்க.”

சுரண்டுகிறேன் என்று நான் தகட்டை எடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். மேலேயிருந்து கீழே, மெதுவாக, அவளே சுரண்டினாள். ரோஸ் தூள் வெள்ளைத் துணியெல்லாம் விழுந்தது. அந்தப் பிரஷ் மயிர் இருந்த இடம் வந்தபோது கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு அதுவும் போனது. தூளைக் கூட்டி ஒரு பேப்பரில் மடித்தாள்.

பிரைமரும் பச்சையும் வெளிப்பக்கத்துக்கு அடித்து முடிந்தது. கதவைத் திருப்பிப் போட்டோம். உள்பக்கம் ரோஸ் அப்படியே இருந்தது, மழை அதைத் தொடவே இல்லை. கோடுகள், ஓரத்தில் விரல் அடையாளம், எல்லாம் இருந்தன. நான் பிரஷைப் பச்சையில் முக்கினேன்.

மரியமக்கா பிரஷின் மேலே கையை வைத்தாள்.

“உள்பக்கம் நனையாதுல்ல?”

நான் தெருவைப் பார்த்துக் கத்தினேன். “வே முப்பிடாதி! உள்பக்கத்துக்குப் பச்சை அடிச்சே ஆகணுமா?”

“மழைக்கு மூடித்தான வைப்பீக? உள்பக்கம் சும்மா கெடந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. பாக்கத்தான் கோரமா இருக்கும்!”

“யாரு பாக்கப் போறா?” என்றாள் மரியமக்கா. என்னிடம்தான் சொன்னாள்.

அதன்பிறகு பெய்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

இத்தா கழிந்ததும் ஃபயாஸ் வந்தான். லமியாவும் பிள்ளையும் வந்தார்கள். நான் அன்றைக்கு வேலையை முடித்துவிட்டுப் போய் சமையலில் கூட நின்றேன். அவன் பொறியியல் படித்தவன் மாதிரி சன்னல் சன்னலாகத் தடவி, தரையை அமுக்கிப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். காய்ந்து கிடந்தது.

“தோத்தேன் உம்மா” என்றான். சிரித்தான். முகம் அவ்வளவு தெளிச்சமாக இல்லை. அவனுக்கும் உம்மாவைக் கூட்டிப் போக ஆசை இருந்திருக்கும். “இது மட்டும் ஏன் உள்பக்கம் விட்டுட்டீங்க? டின்னுல இன்னும் இருக்கே. நானே அடிச்சிட்டுப் போறேன்.” பிரஷை எடுத்தான்.

“வேண்டாம் மோனே.”

“அரை மணிக்கூர் வேலதான்.”

“அது வாப்பா அடிச்சது.”

அவன் பிரஷோடு நின்றான். கதவுக்குப் பக்கத்தில் போனான். ஓரத்தில் இருந்த விரல் அடையாளத்தை மரியமக்கா தொட்டுக் காட்டினாள். அவன் தன் பெருவிரலை அதன் மேல் வைத்தான். சரியாகப் பொருந்தியது. எடுக்கவே இல்லை. லமியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், அவன் முதுகைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். நானும் அடுக்களைக்குப் போய் மீனைத் திருப்பிப் போட்டேன்.

அவன் தோஹாவுக்குத் திரும்பினான். லமியா தேவராவுக்குப் போனாள். மரியமக்கா கேட்டது கிடைத்தது. மாடி, நாலு கதவு, சுக்கு வாசம், மத்தியானம் முழுக்கப் பேச ஆளில்லாத வீடு. சந்தோசமா என்று ஒருநாள் கேட்டேன். “இருக்கேன்” என்றாள்.

இப்போது கன்னி மாசம். வானம் தெளிந்து நல்ல வெயில் காய்கிறது. தெருவில் எல்லா வீட்டு சன்னலும் திறந்து, பாயும் தலையணையும் வெளியே தொங்குகின்றன. மாடியில் ஒரு சன்னல் மட்டும் சில நேரம் மூடியிருக்கும். இந்த வெயிலுக்கு எதுக்குக் கதவைச் சாத்துகிறாள், தலைக்கு ஏதாவது ஆகிப்போச்சா என்று ஷபானாவே என்னிடம் கேட்டாள். திறந்து வைத்தால் கதவின் உள்பக்கம் தெருவைப் பார்க்கும். மூடினால் அவளைப் பார்க்கும். இதை நான் ஷபானாவுக்குச் சொல்லவில்லை. சன்னல் மூடியிருக்கும்போது அந்த வீட்டுக்கு மட்டும் நான் சத்தம் கொடுப்பதில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது கூப்பிடுகிறேன்.